வடசென்னையில் வீடு வாங்குவது: டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீடு பார்த்தோம். அரை கிரவுண்டுக்கும் கொஞ்சம் குறைவான இடம், கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். தெருவில் ஆட்டோ நுழையும், கிணற்றில் தண்ணீர் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று வந்தோம். மூன்று மணிக்கு புரோக்கரிடமிருந்து போன். "வேற பார்ட்டி அட்வான்ஸ் போட்டுட்டாங்க மேடம், நீங்க லேட்டு."

இப்படி ஒன்றரை வருடத்தில் நான்கு வீடுகளை விட்டோம். ஐந்தாவதுதான் கிடைத்தது. பிறந்து வளர்ந்த கொருக்குப்பேட்டையை விட்டுத் தூரமாகப் போக மனமில்லாமல் வடசென்னையிலேயேதான் வாங்குவது என்று பிடிவாதமாக இருந்தோம். என்னைப் போல நிறைய பேர் இருக்கிறார்கள். துறைமுகத்தில் வேலை, மின்ட் பக்கம் கடை, பக்கத்துத் தெருவில் அம்மா வீடு என்று ஆளுக்கொரு காரணம். மெட்ரோ 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கும் 2021 பிப்ரவரியில் விம்கோ நகருக்கும் வந்த பிறகு, நகரின் மற்ற பக்கத்து ஆட்களும் இங்கே வீடு தேடுகிறார்கள். மாதவரத்திலிருந்து மூலக்கடை, பெரம்பூர், அயனாவரம் வழியாக அடுத்த பாதையின் வேலை நடப்பதால் அங்கேயும் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. விற்பனைக்கு வரும் வீடு குறைவு, கேட்பவர் அதிகம். இந்தப் போட்டியில் கூடுதல் பணம் வைத்திருப்பவர்தான் ஜெயிக்கிறார் என்று முதலில் நினைத்தேன். அது பாதிதான் உண்மை. பணமும் பேப்பரும் தயாராக இருப்பவருக்குத்தான் வீடு போகிறது. முதல்முறையாக வாங்குகிறவர்கள் எந்த வரிசையில் தயாராக வேண்டும் என்பதை நான் பட்ட அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் கையில் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே வங்கிக்குப் போங்கள். உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் பின்னால் எவ்வளவு உதவியது என்று பிறகு சொல்கிறேன்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக்கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு 80 சதவீதம், அதற்கும் மேல் போனால் 75 சதவீதம். இது உச்சவரம்புதான், வங்கி குறைத்தும் கொடுக்கலாம். மதிப்பு என்பது ஓனர் சொல்லும் விலையல்ல, வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் எழுதுவது. கட்டடம் 40 வருடம் பழையது என்றால் அவர் கட்டடத்துக்குப் பெரிதாக எதுவும் எழுத மாட்டார்.

60 லட்ச ரூபாய் பழைய வீடு என்று வையுங்கள். வங்கி 48 லட்சம் தந்தால் உங்கள் பங்கு 12 லட்சம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். அது மட்டும் 5 லட்சத்து 40 ஆயிரம். விலை, வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த மதிப்பு) இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் இந்த 9 சதவீதம். புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம் என்றால் 60 ஆயிரம், சிலர் இரண்டு கேட்பார்கள். வக்கீல் கட்டணமும் வங்கியின் செலவுகளும் தனி. பதினெட்டரை லட்சம் கையில் இல்லாமல் 60 லட்ச வீட்டைப் பார்க்கப் போகாதீர்கள். பழைய வீட்டில் ஒயரிங், பைப் லைன், மொட்டைமாடி ஒழுகல் மூன்றும் கட்டாயம் செலவு வைக்கும். அதையும் சேர்த்து வையுங்கள்.

இங்கே ஒரு பேச்சு கட்டாயம் வரும். "பத்திரத்துல நாப்பதுன்னு காட்டிக்கலாம், மீதிய கையில குடுத்துடுங்க, உங்களுக்கும் பத்திரச் செலவு மிச்சம்." இதை ஒத்துக்கொள்ளாதீர்கள். சட்டப்படி தப்பு. கணக்குப்படியும் உங்களுக்கு நஷ்டம். பத்திரம் 40 லட்சத்துக்கு என்றால் வங்கி தருவது 32 லட்சம்தான். மீதி 28 லட்சம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். பத்திரச் செலவில் 1 லட்சத்து 80 ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய், 14 லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் புரட்ட வேண்டி வரும். நாளைக்கு அந்த வீட்டை விற்றால், நீங்கள் வாங்கிய விலை 40 என்றுதான் வருமான வரிக் கணக்கில் நிற்கும். நாங்கள் இழந்த இரண்டாவது வீடு இந்தக் காரணத்தால்தான் போனது. ரொக்கமாகப் பாதியை வைத்திருந்தவர் வாங்கிக்கொண்டார். அன்று இரவு தூக்கம் வரவில்லை என்பது உண்மை. ஆனால் அதே முடிவைத்தான் இன்றும் எடுப்பேன்.

தெருவைப் பார்க்க மூன்று முறை போங்கள்

புரோக்கர் கூட்டிப்போகும் நேரத்தில் தெரு அழகாக இருக்கும். காலை எட்டரைக்கு ஒரு முறை, இரவு பத்துக்கு ஒரு முறை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை போங்கள். கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட்டில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி பக்கம் என்றால் கன்டெய்னர் லாரி வரிசை. வியாசர்பாடியில் கணேசபுரம் சுரங்கப்பாதை மழையில் மூழ்கினால் எந்த வழியாகச் சுற்றி வருவீர்கள் என்று யோசியுங்கள். ஓட்டேரி நல்லா கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் இவற்றை ஒட்டிய தெருக்களில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எந்த அளவுக்கு வந்தது என்று கேளுங்கள். ஓனரைக் கேட்காதீர்கள். எதிர்வீட்டுப் பாட்டியையோ இஸ்திரி வண்டிக்காரரையோ கேளுங்கள். எங்களிடம் ஒரு அம்மா தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினார். அந்த வீட்டை அதோடு விட்டோம்.

காற்றையும் பார்க்க வேண்டும். கொடுங்கையூர் குப்பைமேடு, மணலி ஆலைகள் இருக்கும் திசையிலிருந்து காற்றடிக்கும் நாளில் அந்த வீட்டு மொட்டைமாடியில் கால் மணி நேரம் நில்லுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். கடலோரத்தில் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாலே உப்பு தெரியும். திருவொற்றியூர், மணலி, மாதவரம் 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தவை. எல்லாத் தெருவிலும் பாதாள சாக்கடை இருக்கும் என்று நம்பிப் போகாமல், இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்கா என்று கேட்டுவிடுங்கள்.

எங்கே தேடுவது

இணையத்தில் வரும் விளம்பரங்களைப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டையில் நல்ல வீடுகள் அங்கே வருவதற்குள் முடிந்துவிடுகின்றன. டீக்கடை, மளிகைக்கடை, பால் பூத், சர்ச், மசூதி, கோயில் வாசல் என்று வாய்வழியாகத்தான் செய்தி போகிறது. நாங்கள் கடைசியில் வாங்கிய வீட்டைப் பற்றிச் சொன்னவர் எங்களுக்குத் தண்ணீர் கேன் போடும் தம்பி. தெரிந்தவர் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். எந்தத் தெருக்கள், எவ்வளவு பட்ஜெட் என்று திட்டமாகச் சொன்னால்தான் அவர்களுக்கு நினைவில் நிற்கும்.

ஆடி மாதத்தில் தேடுங்கள். பலர் ஆடியில் அட்வான்ஸ் போட மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். விற்பவருக்கு அவசரம் இருந்தால் அந்த நேரத்தில் நிதானமாகப் பேசலாம். பத்திரப்பதிவை ஆவணியிலோ தையிலோ வைத்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் சங்கடமில்லை.

பேப்பர்: இங்கேதான் அதிக நேரம் கொடுங்கள்

வீடு பிடித்ததும் ஓனரிடம் கேட்க வேண்டியது பத்திர நகல். "அட்வான்ஸ் போட்டாத்தான் நகல் தருவோம்" என்றால், ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.

அவர் பெயரில் உள்ள பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றின் பட்டியல்), சொத்துவரி ரசீது, குடிநீர் வரி ரசீது, மின் இணைப்பு யார் பெயரில் என்ற விவரம், கட்டட வரைபட அனுமதி எல்லாம் வேண்டும். சென்னை நகருக்குள் பட்டா என்று கேட்டால் பழைய பகுதிகளில் டவுன் சர்வே பதிவேட்டு நகலைத்தான் காட்டுவார்கள். அதில் உள்ள பெயர், அளவு, டவுன் சர்வே எண், பிளாக் எண் நான்கும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். ஓனர் எடுத்துத் தரும் நகலை மட்டும் நம்ப வேண்டாம்.

எங்கள் மூன்றாவது வீட்டின் கதை இதுதான். தாத்தா சம்பாதித்த வீடு, அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மூன்று மகன்கள் சேர்ந்து விற்க வந்தார்கள். விலை பேசி முடிந்தது. வக்கீல் வாரிசு சான்றிதழைக் கேட்டபோதுதான் இரண்டு மகள்களும் இருப்பது தெரிந்தது. "அதுங்களுக்குக் கல்யாணத்தப்பவே செஞ்சாச்சு" என்றார் பெரிய அண்ணன். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்படிப்பட்ட சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. கல்யாணத்துக்குச் செய்த சீர் அந்தப் பங்கைத் தீர்க்காது. சின்ன மகள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான், அவருடைய பங்கை யாரும் அவரிடம் பேசவே இல்லை. நாங்கள் விலகிக்கொண்டோம். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களில் பங்குக் கணக்கு வேறு. எந்தக் குடும்பமானாலும் வாரிசு சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எண்ணி, அத்தனை பேரும் கையெழுத்துப் போட வருவார்களா என்று முதல் நாளே கேளுங்கள். வாரிசில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். ஓனருக்குப் பதிலாக விற்கும் அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை வைத்து ஒருவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் பாருங்கள்.

வடசென்னையில் இன்னும் இரண்டு விஷயம் அடிக்கடி வரும். ஒன்று அடிமனை. வீடு அவருடையது, கீழே உள்ள மண் கோயிலுடையதோ அறக்கட்டளையுடையதோ ஆக இருக்கும். அடிமனை வாடகை என்று ஒரு ரசீது பேப்பர் கட்டில் கிடந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். விலை பாதியாக இருந்தாலும் அந்த மண் உங்களுடையதாகாது. வங்கியும் கடன் தராது. இன்னொன்று வாரிய வீடுகள். வீட்டுவசதி வாரியமோ நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமோ ஒதுக்கிய வீட்டை, விற்பனைப் பத்திரம் வாங்காமல் ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் வைத்துக் கைமாற்றுவார்கள். எம்.கே.பி. நகர், முத்தமிழ் நகர், தண்டையார்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் "வாரியத்துல இருந்து பத்திரம் ஆயிடுச்சா?" என்ற கேள்வியை முதல் கேள்வியாக வையுங்கள். மாதவரம், புழல் பக்கம் தனி மனை என்றால் அங்கீகாரம் பெற்றதா, இல்லையென்றால் வரன்முறை (பிறகு அரசிடம் முறைப்படுத்துவது) செய்யப்பட்டதா என்று பாருங்கள். அடுக்குமாடி என்றால் உங்கள் பெயருக்கு வரும் பிரிபடாத மனைப் பங்கு, அதாவது மொத்த மண்ணில் உங்கள் பங்கு, எத்தனை சதுர அடி என்பதுதான் பெரிய கேள்வி. பில்டர் சொல்லும் மொத்த சதுர அடி அல்ல.

இதையெல்லாம் பார்த்துச் சொல்ல ஒரு வக்கீலை முன்பே பேசி வையுங்கள். பேப்பர் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் பார்த்துச் சொல்பவராக இருக்க வேண்டும். நாங்கள் முதல் வீட்டை இழந்தது வக்கீல் தேடிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில்தான்.

விலை பேசுவது

பேசப் போகும் முன் உச்ச விலையை ஒரு தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நான் என் மாமியாரிடம் கொடுத்து வைத்தேன். புரோக்கர் போனில் "இன்னும் ரெண்டு ஏத்துனா உங்களுக்கே முடிச்சிடலாம்" என்னும்போது மனசு ஏறிக்கொண்டே போகும். அப்போது அந்தத் தாள்தான் பிடித்து நிறுத்தும்.

அக்கம்பக்கத்து விலையைத் தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு. அதே சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால், சமீபத்தில் கைமாறிய பக்கத்துச் சொத்துகளும் வரலாம். ஒவ்வொரு பதிவிலும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். பலர் குறைத்துத்தான் காட்டியிருப்பார்கள் என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். இருந்தாலும் காற்றில் பேசும் விலையை விட அது மேல். மண்ணுக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பேசுங்கள். முப்பது வருடக் கட்டடத்துக்குப் புதுக் கட்டட விலை கொடுக்க வேண்டியதில்லை.

"வேற பார்ட்டி நிக்குது" என்ற வார்த்தை சில நேரம் உண்மை, சில நேரம் இல்லை. எது என்று கண்டுபிடிக்க முயன்று நான் சோர்ந்துதான் போனேன். அதை விட ஓனரோடு நேரில் உட்காரும் வாய்ப்பைக் கேளுங்கள். அவருக்கு என்ன அவசரம் என்று கேளுங்கள். எங்கள் ஐந்தாவது வீடு, கொடுங்கையூரில், அப்படித்தான் கிடைத்தது. இன்னொருவர் எங்களை விட ஒரு லட்சம் அதிகம் சொல்லியிருந்தார். ஓனர் அம்மாவுக்கு மகளின் கல்யாணம் நெருங்கியிருந்தது. தேதி தவறினால் அவமானம் என்று பயந்தார். நாங்கள் வங்கிக் கடிதத்தைக் காட்டி, 45 நாளில் பதிவு முடித்துத் தருகிறோம், கல்யாணம் முடிகிற வரை இதே வீட்டில் இருந்துகொள்ளுங்கள், வாடகை வேண்டாம் என்றோம். அவர் ஒரு நாள் யோசித்துவிட்டுப் போன் செய்தார். "உங்களுக்கே குடுத்துடறேன்மா, தேதி மட்டும் தவறிடாதீங்க."

டோக்கன் தொகை சிறியதாக இருக்கட்டும். வங்கி வழியாகவோ காசோலையாகவோ கொடுங்கள். சொத்து வாங்குவதில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பேப்பரில் கோளாறு இருந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ டோக்கனைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வக்கீல் சரி சொன்ன பிறகு கிரய ஒப்பந்தம் போடுங்கள். தமிழ்நாட்டில் அதைப் பதிவு செய்வது கட்டாயம். இருபது ரூபாய்த் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

வங்கி ஏலம்

கடன் கட்டாத வீடுகளை வங்கிகள் 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி ஏலம் விடுகின்றன. செய்தித்தாள் அறிவிப்பிலும் ஏல இணையதளங்களிலும் பெரம்பூர், கொளத்தூர், திருவொற்றியூர் வீடுகள் வரும். விலை குறைவாகத் தெரியும். முதல் வீட்டுக்கு இந்த வழியில் போகிறவர்கள் ரொம்ப யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏலத்தில் கலந்துகொள்ள முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், பொதுவாக அடிப்படை விலையில் 10 சதவீதம். ஏலம் உங்களுக்கு விழுந்தால் அன்றோ அடுத்த வேலை நாளிலோ, முன்வைப்பையும் சேர்த்து, விலையில் 25 சதவீதம் கட்டியாக வேண்டும். மீதியை விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில் கட்ட வேண்டும். எழுத்தில் அவகாசம் கிடைத்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் போகாது. தவறினால் கட்டிய பணம் திரும்ப வராது. சாதாரணமாக வீட்டுக்கடன் வாங்கும் வேகத்துக்கு 15 நாள் போதாது.

அறிவிப்பில் ஒரு வார்த்தையைத் தேடிப் படியுங்கள். வங்கியிடம் இருப்பது நேரடி சுவாதீனமா (வீடே வங்கியின் கையில்), பெயரளவிலான சுவாதீனமா (பேப்பரில் மட்டும்)? பெயரளவில் என்றால் பெரும்பாலும் உள்ளே ஆள் குடியிருக்கிறார் என்று அர்த்தம். என் சித்தப்பா மகன் அப்படி ஒரு வீட்டை எடுத்தான். முழுப் பணமும் கட்டிய பிறகு, உள்ளே இருந்த குடும்பம் வழக்குப் போட்டு, சாவி கைக்கு வர இரண்டு வருடம் ஆனது. அதுவரை வாடகையும் கடன் தவணையும் சேர்த்துக் கட்டினான். உள்ளே இருந்தவர்களும் வீட்டை இழந்த குடும்பம்தான், அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதே பெரிய வேதனை என்பான். ஏலத்தில் வீட்டை "உள்ளது உள்ளபடி" என்றுதான் விற்பார்கள். சொத்துவரி, குடிநீர் வரி, மின்கட்டணப் பாக்கி பெரும்பாலும் உங்கள் தலையில் விழும். பார்வையிடும் நாள் என்று அறிவிப்பில் போட்டிருப்பார்கள், அந்த நாளில் கட்டாயம் போங்கள். உள்ளே விடாவிட்டால் அதுவே உங்களுக்கு ஒரு பதில். ஏலம் ஆன்லைனில் நடக்கும். கடைசி நிமிடங்களில் யாராவது விலை ஏற்றினால் நேரம் நீளும். மாமியாரிடம் கொடுத்த தாளை அப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு நாள்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே வரிசை டோக்கன் எடுக்க வேண்டும். முகூர்த்த நாள் என்றால் கூட்டம் தாங்காது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், 1 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு ஓனரின் பான் எண்ணில் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டியது வாங்கும் நீங்கள். ஓனர்களில் ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் இதை விட அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். முந்தின நாள் மாலை வில்லங்கத்தை மறுபடி ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் நடுவில் புதிதாக எதுவும் ஏறியிருக்கக் கூடாது.

சாவி வாங்கும்போது மின் மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்துவிட்டு, ஓனரைக் கூட்டிப் போய் போர் எங்கே இருக்கிறது, சாக்கடை இணைப்பு தெருவில் எந்த மூடியில் சேர்கிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மா எங்களுக்கு இதையெல்லாம் காட்டிவிட்டு, முருங்கை மரத்துக்கு எந்த மாதத்தில் கம்பளிப்பூச்சி வரும் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.